தெருவுக்கு அந்தப் பக்கம் எட்டு நாற்காலிகள்

பெருமதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பியின் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, பெரியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி பழகி, வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம். "அனைவரும்" என்பதற்கு இப்போது சிறு விளக்கம் தேவைப்படுகிறது. தெருவின் இந்தப் பக்கம் அப்பாவும் நானும் நலம். அந்தப் பக்கம் அம்மா நலம்.

இத்துடன் மூன்று பக்கப் படிவம் ஒன்றை இணைத்திருக்கிறேன். உங்கள் தம்பியும் தம்பி மனைவியும் ஒரே குடும்பமாக வாழவில்லை என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் உறுதி கூறும் படிவம் அது. மூத்தவர் நீங்கள்தான். மூன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே உங்கள் கையெழுத்து வேண்டும். வரும் இருபதாம் தேதிக்குள் அது நகராட்சி விற்பனை வரி அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், எங்கள் கடையை "உணவகம்" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். வரி கட்டுவதுகூடப் பெரிய விஷயமில்லை. மாடியில் இருக்கும் பல் வைத்தியர்தான் கட்டட உரிமையாளர். அவர் வாடகை ஒப்பந்தத்தில் "கடை நடத்தலாம், உணவகம் நடத்தக் கூடாது" என்று எழுதி வாங்கியிருக்கிறார். பதிவேட்டில் அந்த ஒரு சொல் ஏறினால் மூன்று மாதத்தில் நாங்கள் காலி செய்ய வேண்டும். கடைக்குப் பின்னால்தான் வீடு என்பதால் கடையோடு வீடும் போகும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எதையும் முழுக்கப் படிக்காமல் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள் என்பது குடும்பத்துக்கே தெரிந்தது. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதில் யார்மீதும் குற்றம் சொல்லும் நோக்கம் இல்லை. உங்களைப் பற்றிய பேச்சு அடிக்கடி வந்தால், அது நிகழ்ச்சிகள் நடந்த வரிசையால் மட்டுமே.

இந்த ஆண்டிலிருந்து உணவு விற்பவர்களுக்கு நகராட்சி புது வரி விதிகளைக் கொண்டுவந்தது எங்களைவிட உங்களுக்குத்தான் முன்னால் தெரிந்தது. விதிப் புத்தகத்தை அப்பா என் கையில் கொடுத்து, "நீதான் எந்நேரமும் எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கியே, இதையும் படி" என்றார். படித்தேன். உண்மையில் நல்ல உரைநடை. எழுதியவருக்குச் சொற்கள்மீது அக்கறை இருக்கிறது. எந்த வாக்கியத்திலும் சதை தொங்கவில்லை. மனிதர்கள் சாப்பிடுவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வாங்கிப் போகும் உணவுக்கு வரி விலக்கு உண்டு. வாங்கிய இடத்திலேயே தின்னும் உணவுக்கு விலக்கு இல்லை. ஒருவர் எங்கே போய்த் தின்பார் என்பதை அவர் பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது என்பதால் அதற்குச் சில அடையாளங்கள் வைத்திருக்கிறார். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக விற்றால் அது அங்கேயே தின்பதற்கு. கரண்டி கொடுத்தால் அங்கேயே. உட்கார இடம் கொடுத்தால் அங்கேயே. கேக்கை ஆறுக்குக் குறைவாக விற்றால் அங்கேயே; ஆறாக விற்றால் வீட்டுக்கு. இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடம் கடை. ஒன்று இருந்தாலும் உணவகம். எங்களிடம் நான்கும் இருந்தன. எங்கள் கடையில் விற்பது சூப், ரொட்டி, வேகவைத்த முட்டை, கேக். அவற்றை மக்கள் எட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, சூடாக, கரண்டியோடு, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் பார்வையில் இவ்வளவு மோசமாக நடந்துகொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்பா உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் பதினான்கு பக்கத்தில் கடிதம் அனுப்பினீர்கள். முப்பது வருடம் தணிக்கைத் துறையில் இருந்தவரின் கடிதம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அடிக்கோடுகள்கூட அளவுகோல் வைத்துப் போட்டவை. சூட்டை நீக்கு, கரண்டியை நீக்கு, நாற்காலியை நீக்கு, கேக்கை ஆறாக்கு என்பது அதன் சாரம். அப்பா அன்று இரண்டு முறை, "அண்ணன் அண்ணன்தான்" என்றார்.

கரண்டி சுலபமாகப் போயிற்று. வாடிக்கைக்காரர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரத் தொடங்கினார்கள். இப்போது எங்கள் தெருவில் பேனா செருகும் பைகளில் பாதியில் கரண்டி இருக்கிறது. நாற்காலிதான் அப்படிப் போகவில்லை. அவை அம்மாவின் நாற்காலிகள். ஆறு வருடத்துக்கு முன் தன் சேமிப்பை எடுத்து, மரக்கடையில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து வாங்கியவை. காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டே அரிவதும் கிண்டுவதுமாக இருக்கும் ஒருத்திக்கு நாற்காலி என்றால் என்ன என்பது எழுத்தில் வராது. அன்று காலை அவள் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எட்டு நாற்காலிகளும் நடைபாதையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"அண்ணன் எழுதியிருக்கார்."

"சரி. வர்றவங்க எங்க உட்காருவாங்க?"

"உட்காரக் கூடாது. விதி அப்படி."

"வர்றவங்களை விடுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குக் காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குமே, அப்ப நான் எங்க உட்கார்றது?"

அப்பா உங்கள் பதினான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அதில் அம்மாவைப் பற்றி எதுவும் இல்லை. "கொஞ்ச நாளைக்கு நிக்கலாமே" என்றார்.

பெரியப்பா, வரலாற்றில் சண்டைகள் எப்படித் தொடங்கின என்று நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். பெரும்பாலும் இப்படித்தான், இதே தொனியில், இதே நல்லெண்ணத்தோடு யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். அம்மா குரலை உயர்த்தவில்லை. காய்ப் பையைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிரே தையல் கடை. தையல்காரர் இரண்டு தையல் இயந்திரங்களை விற்றுவிட்டதால் அவருடைய முன் அறை காலியாகக் கிடந்தது. அங்கே நாற்காலியை வைத்துவிட்டு அடுத்ததற்காகத் திரும்பி வந்தாள். இப்படி எட்டு முறை. ஏழாவது முறை அப்பா, "கனமா இருக்கா? நான் வேணா தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அது கேட்கக் கூடாத கேள்வி என்பது எனக்கே தெரிந்தது. ஒன்பதாவது முறை அம்மா தன் துணிப்பெட்டிக்காக வந்தாள். தையல்காரரின் மாடி அறை வாடகைக்கு இருந்தது. அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பித் தலை வாரிவிடுகிறாள். எனக்கு இருபத்து நான்கு வயது என்பதை இருவரும் குறிப்பிடுவதில்லை.

அம்மா போனபின் சூப்பும் அப்பாவின் பொறுப்பாயிற்று. உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கப்படி அது ஆறிய பிறகே விற்கப்பட வேண்டும். அப்பா பானைக்குப் பக்கத்தில் வெப்பமானியோடு நின்றார். பானை பெரியது, ஆறுவதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. வரிசை தபால் பெட்டிவரை போயிற்று. தினமும் பதினொன்றேகாலுக்கு வரும் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, என் பஸ் கிளம்பற நேரமாச்சு, உங்க சூப் இன்னும் வந்து சேரலையா?" என்றார். நான்காம் நாள் ஆறிப்போன சூப்பை யாரும் தொடவில்லை. அன்று மாலை அப்பா விதியை மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "சுற்றியுள்ள காற்றைவிட" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். சூப்பை இறக்குவதற்குப் பதிலாகக் காற்றை ஏற்றினால் என்ன? உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விதியில தடை இல்லையே" என்று சொன்னதாக அப்பா சொன்னார். அந்த மௌனத்தை நாங்கள் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஜன்னல்களை அடைத்து, ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்து வைத்தோம். பத்தரை மணிக்குக் கடைக்குள் நாற்பத்து இரண்டு டிகிரி. சூப்பும் நாற்பத்து இரண்டு. சட்டத்தின்படி அது ஆறிய சூப். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் பார்த்ததில்லை. வியர்வையில் அது சரியாகத் தெரியவும் இல்லை. உள்ளே வந்தவர்கள் எல்லோரும், "சூப் இருக்கட்டும், முதல்ல தண்ணி குடுங்க" என்றார்கள். வெண்ணெய் எண்ணெயாயிற்று. கேக்கின் மேல் இருந்த கிரீம் ஒரு பக்கமாக நகர்ந்து தட்டில் இறங்கி உட்கார்ந்தது. அன்று கடையில் உட்கார அனுமதி இருந்தது அதற்கு மட்டும்தான். தரை இதமாக இருப்பதாகவும், நோயாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சௌகரியமாக வாயைத் திறப்பதாகவும், இதையே தொடர முடியுமா என்றும் பல் வைத்தியர் மாடியிலிருந்து கேட்டு அனுப்பினார்.

இனி கேக். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் நான்கு மணிக்கு வந்து ஒரு கேக் வாங்குவார். ஆறாகத்தான் தருவோம் என்றதும் அவர் அப்பாவை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, எனக்கு இருக்கறது ஒரு வயிறு" என்றார். அப்பா உங்கள் கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். வாத்தியார் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். (சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.) பக்கத்தில் நின்ற டிரைவர்தான் வழி கண்டுபிடித்தார். ஆறு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் தீர்ந்தது அல்லவா? அன்றிலிருந்து நான்கு மணிக்கு எங்கள் வாசல் ஷேர் ஆட்டோ நிலையம்போல ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் அறியாத ஐந்து பேர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார்கள். டிரைவர் நடுத்தெருவில் நின்று, "ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்! ஏறினா பெட்டி கிளம்பும்!" என்று கூவுவார். இதில் தனக்குப் பேச்சுத்துணை கிடைத்திருப்பதாக வாத்தியார் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

சென்ற வாரம் ஒரு நாள் அப்படிக் கூவியபோது, சாம்பல் நிறக் கைப்பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி நின்று, ஆறாவது ஆளாகச் சேர்ந்தார். கேக்கை ஒரு துகள் சிந்தாமல் தின்றார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டார்.

"ஆமா. அஞ்சு நிமிஷமா" என்றார் வாத்தியார்.

பெண்மணி கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். விற்பனை வரி ஆய்வாளர். டிரைவர் தன் பஸ்ஸை நினைத்துக்கொண்டார். வாத்தியாருக்கும் எங்கோ போக வேண்டியிருந்தது.

அவரைப் பற்றித் தவறாக எதுவும் சொல்வதற்கில்லை. உள்ளே வந்தார், மேல்கோட்டைக் கழற்றினார், தன் சொந்த வெப்பமானியைச் சூப்பிலும் காற்றிலும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"ஐயா, இந்தச் சூடு எங்கேர்ந்து வருது?"

"காத்து பொதுவானதுங்க."

"நான் காத்தைக் கேக்கல, சூட்டைக் கேட்டேன்."

அப்பா அடுப்பைப் பார்த்தார். "சூடு மட்டும் நம்மளுது" என்றார்.

அதிகாரி குறிப்பேட்டை மூடினார். பிறகு, "இதுக்கு இன்னும் விதி இல்லை. உங்களைப் பார்த்தா அடுத்த வருஷம் எழுதிடுவாங்க. இப்போதைக்கு ஜன்னலைத் திறங்க, யாராவது மயங்கி விழப் போறாங்க" என்றார். கேக்கை ஆறாகத்தான் விற்றிருக்கிறோம்; யார் தின்றார்கள் என்று விதி கேட்கவில்லை. கரண்டி இல்லை. நாற்காலியும் இல்லை. எல்லாவற்றுக்கும் நேராக ஒரு குறி போட்டுவிட்டு மேல்கோட்டை எடுத்தவர், வாசலில் நின்றுவிட்டார். எங்களிடம் சூப் வாங்கியவர்கள் அதைக் கையில் ஏந்தி, இரு பக்கமும் பார்த்து, தெருவைக் கடந்து, எதிரே எட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கூடவே போனேன். அம்மா எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"நாற்காலிக்காரி."

"உட்கார வாடகை வாங்கறீங்களா?"

"உட்கார்றதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா? நின்னு களைச்சு வர்றாங்க. உட்காருங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான் தொழில்."

"எதிர்க்கடைக்காரர் உங்களுக்கு என்ன உறவு?"

அம்மா ஒரு பட்டாணியை உரித்து முடித்தாள். "அதை அவரைத்தான் கேக்கணும்" என்றாள்.

விதி இதுதான், பெரியப்பா, பன்னிரண்டாம் பிரிவின் கடைசி வரி: விற்பவரின் குடும்பத்தார் தரும் இருக்கையும் விற்பவர் தரும் இருக்கையே, தனிக் குடும்பமாக வாழ்பவருக்கு இது பொருந்தாது. அதாவது அப்பாவும் அம்மாவும் ஒரு குடும்பம் என்றால் எங்களுடையது உணவகம், மூன்று மாதத்தில் தெருவுக்கு வருவோம். ஒரு குடும்பம் இல்லை என்றால் அது கடை. அப்படியே இருக்கலாம், அவர்களும் அப்படியே இருக்க வேண்டும். அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, "ஏம்மா, உண்மையிலேயே பிரிஞ்சுதான் இருக்காங்களா?" என்று கேட்டார். பதினெட்டு நாளாகப் பேசவில்லை என்றேன். "அது போதாதும்மா. எங்க வீட்லயும் அப்பப்ப அது உண்டு" என்று சொல்லி இந்தப் படிவத்தைக் கொடுத்தார். இருபதாம் தேதிக்குள் ஒரு நாள் நேரில் வந்து சரிபார்ப்பதாகவும் சொன்னார்.

அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "ரொம்ப நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும். யாராவது நடுவுல பூந்து சமாதானம் கிமாதானம்னு கெடுத்துடாதீங்க."

கெடுக்கவில்லை. படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் இல்லாதவள். என் விஷயத்தில் மற்றவர்கள் தலையிடாமலிருக்க அதுதான் வழி. ஆனால் இந்தப் படிவம் ஒன்பது கேள்வி கேட்கிறது. தனி அடுப்பா? ஆம். தனி வாடகையா? ஆம். பேச்சு உண்டா? இல்லை. "தொழிலில் ஒருவருக்கொருவர் உதவி உண்டா?" என்ற ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. இரண்டு நாள் கவனித்துப் பார்த்தேன். அப்பா சூப்பில் உப்பை மறந்துவிடுகிறார். டிரைவர் தெருவைக் கடந்து உட்கார்ந்ததும் அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "உப்பு இல்லையா?" என்கிறாள். "நான் ஒண்ணும் சொல்லலைக்கா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்து அப்பாவிடம், "அண்ணே, அக்கா ஒண்ணும் சொல்லல, ஆனா உப்பு இல்ல" என்கிறார். அப்பா போடுகிறார். இதை வாடிக்கையாளர் கருத்து என்று அவர் அழைக்கிறார். "உதவி இல்லை" என்றே எழுதினேன். டிரைவர் குடும்பத்தில் ஒருவர் அல்ல.

மாலையில் கடை சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா தலையைத் தூக்குகிறாள். "அந்த மனுஷன் சாப்பிட்டாரான்னு நான் கேக்கல. கதவு ஏன் இன்னிக்குக் கால்மணி லேட்டுன்னு கேட்டேன்" என்கிறாள். இந்தப் பக்கம் அப்பா கல்லாவைப் பூட்டியபடி, "அங்க மாடியில ஜன்னல் சரியா சாத்துதா? பழைய கட்டடம், சும்மா கேட்டேன்" என்கிறார். இவற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை.

கையெழுத்து வாங்கியது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் முதலில் கொண்டுபோனேன். முழுக்கப் படித்தாள். "உண்மையைத்தானே எழுதியிருக்கு" என்று சொல்லிப் போட்டாள். அப்பாவிடம் கொண்டுவந்தபோது அவர் தன்னுடைய இடத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனே போட்டாளா? யோசிச்சாளா?"

"படிச்சா. போட்டா."

அப்பா தலையாட்டினார். கடையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்; நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போட்டார். கோணலாக இருக்கிறது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பது இப்போது அவருடைய கவலை.

எஞ்சியிருப்பது ஒன்பதாவது கேள்வி. "இருவரும் மீண்டும் சேர்ந்து வாழும் எண்ணம் உண்டா?" இதற்கு ஒரே ஒரு பதில்தான் கடையைக் காப்பாற்றும். "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். ஆனால் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பெரியப்பா. நான்கு முறை பேனாவை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. உங்களுடையது எத்தனையோ பெரிய கோப்புகளில் எழுதிய கை. அதன்மேல் பேனாவால் ஒரு முறை எழுதிவிடுங்கள். உங்கள் ஆலோசனையில் தொடங்கிய காரியம் உங்கள் பேனாவிலேயே முடிவதும் முறையாக இருக்கும். மறுதபாலில் அனுப்பிவிட்டால் இருபதாம் தேதிக்குள் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நீங்கள் நேரில் புறப்பட்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழே, ஒரே அடுப்பில் சமைத்து, எந்த அதிகாரியிடமும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய நிலை வராமல், நெடுநாள் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தம்பி மகள்.

பி.கு.: படிவத்தை உறைக்குள் தேட வேண்டாம். எடுத்துக் கிழித்துவிட்டேன். கடிதத்தை எழுதிவிட்ட காரணத்தால் மட்டும் அனுப்புகிறேன். மேலே உள்ளவற்றில் இனி எதுவும் பயன்படாது.

உறையை ஒட்டிக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது மணி பன்னிரண்டு. சரிபார்க்க வந்த அதிகாரி தையல் கடை வாசலில் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், தெரியாமல் செய்தார் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பானையை அடுப்பில் ஏற்றி, கொதிக்கக் கொதிக்க இரண்டு கிண்ணம் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியைப் போட்டு, தட்டில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். ஒரு லாரி அவருக்காக நின்றது. இப்போதெல்லாம் பேச்சுத்துணைக்காக மத்தியானமே வந்துவிடும் வாத்தியார் எழுந்து இடம் கொடுத்தார். அப்பா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரொம்பச் சூடு" என்றார்.

"தெரியுது" என்றாள் அம்மா. இருபத்து நான்கு நாளில் முதல் பேச்சு.

"அண்ணன் எழுதினதுல உன்னைப் பத்தி ஒண்ணும் இல்லை. நான்தான் யோசிச்சிருக்கணும்."

அம்மா சூப்பைக் கிளறினாள்.

அதிகாரி கிட்டே வந்தார். அவருக்குத்தான் மிகவும் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். "ஐயா, கேட்டே ஆகணும். இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"என் மனைவிங்க" என்றார் அப்பா.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் சொல்லணும்மா. நான் எழுதிட்டேன்னா அது உணவகம்தான். கடை, வீடு எல்லாம் போயிடும்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளுடைய கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்க" என்றாள்.